அழுகலை நிறுத்தும் அறிவு

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

விஞ்ஞானம் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நானோ வரலாறு கற்பிப்பவன். ஆகவே, வரலாற்றின் வழியாகவே விஞ்ஞானத்துள் நுழைகிறேன்.

நாம் நாள்தோறும் கடந்து செல்லும் குரோம்பேட்டைக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நிறுவப்பட்ட குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. குரோமிய உப்பினால் தோல் பதனிட்ட தொழிற்சாலை அது. அதற்கு நெடுங்காலம் முன்பே ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் தோலைப் பதனிட்டவர்கள் நம் முன்னோருள் பலர். செத்த விலங்கைத் தொட்டவர் என்று ஊர் அவர்களை ஒதுக்கிற்று. அவர்கள் செய்த செருப்பையும் கமலைத் தோற்பையையும் மட்டும் ஏற்றுக்கொண்டது.

உயிர் பிரிந்ததும் திசுக்கள் தம்முள் இருக்கும் நொதிகளாலேயே சிதையத் தொடங்கும். பின்னர்க் கிருமிகள் சேரும். அச்சிதைவை நிறுத்தி, உயிருடன் இருந்த அமைப்பை இயன்றவரை அப்படியே காப்பதுதான் திசுவை நிலைப்படுத்துதல். 1859-இல் ஹைன்ரிச் முல்லர் விழித்திரையை ஆராய்வதற்குப் பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கையாண்டார். அதுவும் குரோமியம் சேர்ந்த உப்பே! 1893-இல் பெர்டினாண்ட் புளும், பார்மலினைக் கிருமிநாசினியாக ஆராய்கையில், தம் விரல்களின் தோல் இறுகியிருக்கக் கண்டார். அதனைக் கொண்டே திசுவையும் இறுக்கலாம் எனத் தெளிந்தார். பதனிடுதலும் நிலைப்படுத்துதலும் புரதங்களைப் பிணைத்து அழுகலைத் தடுக்கும் உறவுடைய கலைகளே.

முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். திசுவை 3 முதல் 5 மில்லிமீட்டர் கனத்தில் நறுக்கி, அதன் பருமனைப்போல் 10 மடங்கிற்குக் குறையாத 10 சதவீதப் பார்மலினில் உடனே இடவேண்டும். கனம் மிகுந்தால் மருந்து உள்ளே எட்டுமுன் நடுப்பகுதி கெட்டுவிடும். ஏறத்தாழ ஒரு நாள் ஊறியபின், படிப்படியாகச் செறிவு கூட்டிய ஆல்கஹாலால் நீரை அகற்றி, சைலீனில் தோய்த்து, உருகிய பாரபின் மெழுகில் பதிப்பர். மெழுகுக் கட்டியை மைக்ரோடோம் கருவியால் சுமார் 5 மைக்ரான் தகடுகளாகச் சீவுவர். ஒரு மில்லிமீட்டரில் 200-இல் ஒரு பங்கு! பின் மெழுகை நீக்கிச் சாயமேற்றுவர். ஹீமட்டாக்சிலினால் உட்கருக்கள் நீலமாகும். இயோசினால் பிற பகுதிகள் இளஞ்சிவப்பாகும்.

நுரையீரலிலிருந்து எடுத்த ஒரு துணுக்கு காசநோயைக் காட்டுகிறதா, புற்றுநோயைக் காட்டுகிறதா என்று மருத்துவர் நுண்ணோக்கியில் தேடுகிறார். அத்துணுக்கைக் காலந்தாழ்த்திப் பார்மலினில் இட்டிருந்தால், எத்துணை வல்லவராலும் அதனைச் சீர்செய்ய இயலாது. ஒரு நோயாளியின் வாழ்வே ஆய்வுக்கூடத் தொழில்நுட்பரின் கையில் இருக்கிறது.

"இந்தச் சதையும் நாற்றமும் மீண்டும் நமக்கா?" என்று நம் பெரியோர் சிலர் தயங்குவது நியாயமே. பிறப்பின் பெயரால் சுமத்தப்பட்ட தொழில் அடிமைத்தனம். கற்றுத் தேர்ந்துகொண்ட தொழில் உரிமை. முன்னோர் வெறுங்கையுடன் உழைத்தனர். நீங்கள் கையுறையும் காற்றோட்டமும் கேட்டுப் பெறுங்கள். பார்மலின் ஆவி புற்றுநோய் விளைவிக்க வல்லது.

இளைஞர்களே! ஆய்வுக்கூடத்திற்குள் தலைநிமிர்ந்து செல்லுங்கள். இழிவென்று ஒதுக்கப்பட்ட கைகளிலும் அறிவு இருந்தது என்பதை உலகம் உங்கள் வழியாக அறியட்டும்.