கலர் இல்லாத படம்

(திட்டக்குடி, கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

எங்க அம்மா டூரிங் டாக்கீஸ்ல மணல் குவிச்சு உட்கார்ந்து பார்த்து, எனக்கும் உசுராகிப் போன படம் 1957-ல் வந்த மாயா பஜார். என் 6 வயது மகளுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். "கலரே இல்லம்மா"ன்னு எழுந்து போயிட்டா. மனசு சுருக்குன்னுச்சு. தப்பு என்னுடையதுதான். மூணு மணி நேரப் படத்தை மொதல்லேருந்து போட்டா எந்தப் புள்ள உட்காரும்?

மறுநாள் கடோத்கஜன் கல்யாணச் சாப்பாட்டைக் காலி பண்ற இடத்தை மட்டும் போட்டேன். எஸ்.வி. ரங்காராவ் வாய்க்கு லட்டு தானாப் பறந்து வருதே, அங்கே விழுந்து விழுந்து சிரிச்சா. கம்ப்யூட்டர் வராத காலத்து வித்தை அது! பக்கவாதத்தில் பேச்சு குறைந்து படுத்திருக்கும் எங்க அம்மா, அடுத்து என்ன வரும்னு கட்டில்ல இருந்தே கையால காட்டினாங்க.

இப்போ ஆயாவும் பேத்தியும் தினம் பத்து நிமிஷம் பார்க்கிறாங்க. இன்னும் பாதிப் படம் இருக்கு.