சம்பளம் அக்கரையில், வீடு இக்கரையில்: ஜொகூர் பாருவில் இந்தியக் குடும்பங்களின் நிலை

(தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஜொகூர் பாரு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கடற்பாலத்து நெரிசல்தான். பொழுது விடியும் முன்னரே மோட்டார் சைக்கிள்கள் குடிநுழைவுச் சாவடிகளில் வரிசை பிடித்து நிற்கின்றன. நாளொன்றுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கும் எல்லை இது. அவர்களில் நம்மவர்களின் எண்ணிக்கையும் குறைவல்ல. மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை செய்கிறார் என்றால், பெண் வீட்டார் சற்று நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

சம்பளத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அந்தச் சம்பளம் குடும்பத்துக்கு என்ன சேர்த்து வைத்தது என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகள் அக்கரையில் உழைத்த பிறகும் வாடகை வீட்டிலேயே இருக்கும் குடும்பங்கள் உண்டு. ஏன் அப்படி? ஜொகூர் பாருவின் மக்கள் தொகை, வீட்டு விலை, வேலைவாய்ப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

வளர்ந்த நகரம்

1855இல் தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம் காலத்தில் தஞ்சோங் புத்ரி என்ற சிறு குடியிருப்பாகத் தொடங்கிய ஊர் இது. 1866இல் அபு பக்கார் இதற்கு ஜொகூர் பாரு என்று பெயர் சூட்டினார். அக்காலத்தில் மிளகும் கம்பீரும்தான் ஜொகூரின் வருமானம். பின்னர் ரப்பர் வந்தது. 1909இல் கெமாஸிலிருந்து ரயில் பாதை வந்து சேர்ந்தது. 1924இல் கடற்பாலம் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. அன்று முதல் இந்நகரின் வளர்ச்சியும் சிங்கப்பூரின் வளர்ச்சியும் பிரிக்க முடியாதவையாகிவிட்டன.

1994 ஜனவரி முதல் நாள் ஜொகூர் பாரு மாநகரானது. 2020ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி ஜொகூர் மாநிலத்தில் சுமார் 40 லட்சம் பேர் வாழ்கின்றனர். அவர்களில் ஜொகூர் பாரு மாவட்டத்தில் மட்டும் 17 லட்சம் பேர். அதாவது மாநிலத்தில் ஐவரில் இருவர் இந்த ஒரே மாவட்டத்தில் குவிந்திருக்கின்றனர். ஒரு மாவட்டத்துக்குள்ளேயே ஜொகூர் பாரு, இஸ்கண்டார் புத்ரி, பாசிர் கூடாங் என்று மூன்று மாநகர் மன்றங்கள் இயங்குவதிலிருந்தே இதன் பரப்பைப் புரிந்துகொள்ளலாம்.

இதே கணக்கெடுப்பில் மாநிலத்துக் குடிமக்களில் இந்தியர்கள் ஏறக்குறைய 6.6 விழுக்காடு. எண்ணிக்கையில் இரண்டு லட்சத்தைத் தாண்டும். ஆனால் பிறப்பு விகிதம் குறைந்துகொண்டே வருகிறது. 2022இல் நாட்டில் ஓர் இந்தியப் பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் ஒன்றுக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. அன்று தோட்டத்தில் ஆறு, ஏழு பிள்ளைகள் இருந்தனர். ஒருவர் கைவிட்டாலும் இன்னொருவர் பெற்றோரைப் பார்த்துக்கொண்டார். இன்று ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். முதுமையில் பெற்றோருக்குத் துணை நிற்கப் போவது அவர்கள் சேர்த்த சேமிப்பும் குடியிருக்கும் வீடும்தான்.

தோட்டம் தாமான் ஆனது

ஜொகூர் பாருவில் நம்மவர்களின் கதை ரயில்வேயிலும் தோட்டங்களிலும் தொடங்குகிறது. நகரின் நடுவே கண்ணாடிக் கோயில் என்று இன்று சுற்றுப்பயணிகள் தேடி வரும் ராஜகாளியம்மன் ஆலயம் 1922இல் எழுந்தது. நகரைச் சுற்றி ரப்பர் தோட்டங்கள் இருந்தன. இன்று உணவகங்களும் அடுக்குமாடிகளும் நிறைந்திருக்கும் மவுண்ட் ஆஸ்டின் வட்டாரம் ஒரு காலத்தில் பெரும் ரப்பர் தோட்டம். தெப்ராவ், ரிந்திங், ஊலு திராம், மாசாய் என்று எந்தப் பக்கம் போனாலும் பால்மரமும் செம்பனையும் நின்ற நிலங்களின் மேல்தான் இன்றைய தாமான்கள் எழும்பியுள்ளன.

தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு சேர்ந்து வந்த ஒன்று. வேலை இருக்கும் வரை லயத்தில் இடமுண்டு. தோட்டம் விற்கப்பட்டால் வேலையும் போகும், வீடும் போகும். மூன்று தலைமுறையாகக் குடியிருந்த குடும்பத்துக்கும் அந்த வீட்டின் மேல் எந்த உரிமையும் கிடையாது. தோட்ட நிலம் மேம்பாட்டாளர் கைக்கு மாறியபோது அதன் மதிப்பு பல மடங்கு உயர்ந்தது. அந்த உயர்வில் லயத்தில் இருந்தவர்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை. இழப்பீட்டுத் தொகையுடன் நகர்ப்புற ஓரங்களில் வாடகைக்குக் குடியேறியவர்களே அதிகம். தோட்டம் மறைந்தும் பெயர் மட்டும் நிற்கும் இடங்கள் உண்டு. ரிந்திங் தோட்டத் தமிழ்ப்பள்ளி அதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

இதை வருந்துவதற்காகச் சொல்லவில்லை. சொந்த வீடு என்ற பழக்கமே நம்மவர்களில் பலருக்கு ஒரு தலைமுறைக்கு முன்புதான் தொடங்கியது. சொத்து வைத்திருந்த பாட்டனார் கிடையாது. வங்கிக் கடன் வாங்கி அனுபவப்பட்ட தந்தையும் கிடையாது. இன்றைய இளைஞர் பலர் இந்தக் கணக்கைத் தாமே முதன்முறையாகப் போட வேண்டியிருக்கிறது.

அக்கரைப் பணம்

இந்நகரின் பொருளாதாரத்துக்கு இரண்டு கால்கள். ஒன்று இங்குள்ள தொழில். 1977இல் செயல்படத் தொடங்கிய பாசிர் கூடாங் துறைமுகம், தெப்ராவ், செனாய் தொழிற்பேட்டைகளின் மின்னணுத் தொழிற்சாலைகள், பின்னர் வந்த தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் என்று வேலைவாய்ப்புகள் பெருகின. மற்றொன்று சிங்கப்பூர் சம்பளம்.

1973 மே மாதம் வரை இரு நாட்டு நாணயங்களும் ஒன்றுக்கு ஒன்று சமமாக மாற்றப்பட்டன. அந்த உடன்பாடு முடிந்த பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போனது. 2024 தொடக்கத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்றரை ரிங்கிட் என்ற அளவைத் தொட்டது. பின்னர் ரிங்கிட் ஓரளவு மீண்டாலும் மூன்றுக்கு மேலேயே நின்றது. சிங்கப்பூரில் 2,000 வெள்ளி வாங்குபவருக்கு அது இங்கே 6,000 ரிங்கிட்டைத் தாண்டுகிறது. 2025இல் இங்கே நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட். பிறகு இளைஞர் எந்தப் பக்கம் போவார் என்று கேட்கவே தேவையில்லை.

ஆனால் அந்தக் கால் எவ்வளவு உறுதியற்றது என்பதை 2020 மார்ச் 18ஆம் தேதி எல்லோருக்கும் காட்டியது. கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, எல்லை மூடப்பட்டது. அக்கரையில் தங்கியவர்கள் மாதக்கணக்கில் குடும்பத்தைப் பார்க்க முடியவில்லை. இக்கரையில் இருந்துவிட்டவர்களில் பலர் வேலையை இழந்தனர். 2022 ஏப்ரல் முதல் தேதிதான் தரைவழி எல்லை பழையபடி திறந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் கையில் சேமிப்பு இருந்தவர்கள் தாக்குப் பிடித்தார்கள். கார் தவணையும் வாடகையும் மட்டுமே வைத்திருந்தவர்கள் தடுமாறினார்கள்.

வீட்டு விலைக் கணக்கு

இப்போது வீட்டுக்கு வருவோம். ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் போல் மூன்று மடங்குக்குள் வீட்டு விலை இருந்தால் அது கட்டுப்படியான விலை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. 2022இல் ஜொகூரில் குடும்பங்களின் நடுநிலை மாத வருமானம் 6,879 ரிங்கிட். அதாவது மாநிலத்துக் குடும்பங்களில் பாதி இதற்குக் கீழே, பாதி இதற்கு மேலே. ஆண்டுக்கு 82 ஆயிரத்து 548. மூன்று மடங்கு என்றால் ஏறக்குறைய 2 லட்சத்து 47 ஆயிரம் ரிங்கிட். நகரைச் சுற்றிப் புதிதாக எழும்பும் மாடி வீடுகளின் விளம்பரங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொகையில் என்ன கிடைக்கும் என்பது தெரியும்.

வீடு இல்லாமல் இல்லை. கட்டி முடித்தும் விற்காமல் கிடக்கும் வீடுகளில் ஜொகூர் பல ஆண்டுகள் நாட்டிலேயே முன்னணியில் இருந்தது. அவற்றில் பெரும்பகுதி வெளிநாட்டு வாங்குநரை நம்பிக் கட்டப்பட்ட சொகுசு அடுக்குமாடிகள். சாதாரணக் குடும்பம் தேடும் விலையில், பள்ளிக்கும் பேருந்துக்கும் பக்கத்தில் இருக்கும் வீடுகள்தான் போதவில்லை.

மேற்சொன்ன விலையில் ஒரு வீடு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வங்கி 90 விழுக்காடு கடன் தந்து, 4 விழுக்காடு வட்டியில் 35 ஆண்டு தவணை என்றால் மாதம் ஆயிரம் ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். பல குடும்பங்கள் இன்று ஏறக்குறைய அதே தொகையை வாடகையாகக் கொடுக்கின்றன. ஆக, மாதத் தவணை பெரிய தடையல்ல. முதலில் கட்ட வேண்டிய 25 ஆயிரம் முன்பணமும் வழக்கறிஞர் செலவும்தான் தடை.

சேமநிதியில் விழும் ஓட்டை

இங்கேதான் அக்கரைச் சம்பளத்தின் மறுபக்கம் தெரிகிறது. உள்ளூரில் 2,000 ரிங்கிட் சம்பளம் வாங்குபவருக்கு, தொழிலாளியின் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்த்து மாதம் 480 ரிங்கிட் ஊழியர் சேமநிதியில் சேர்கிறது. 2024 மே முதல் புதிய சந்தாவில் 15 விழுக்காடு செஜாத்ரா கணக்குக்குப் போகிறது. வீடு வாங்க எடுக்கக்கூடிய கணக்கு அது. கணவன் மனைவி இருவரும் இதே சம்பளத்தில் இருந்தால், லாப ஈவைச் சேர்க்காமலேயே பத்தாண்டில் 17 ஆயிரம் ரிங்கிட் சேரும். முன்பணத்தில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடுகிறது. மாதத் தவணை கட்டவும் இக்கணக்கிலிருந்து எடுக்க வழியுண்டு.

சிங்கப்பூரில் வேலை பெர்மிட்டில் இருக்கும் மலேசியருக்கு இது எதுவும் இல்லை. அந்நாட்டின் மத்திய சேமநிதி அதன் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. அங்கும் சந்தா இல்லை, இங்கும் சந்தா இல்லை. முழுச் சம்பளமும் கைக்கு வருவதால் அதிகமாகத் தெரிகிறது. இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால் ஓய்வுக்காலக் கணக்கு வெறுமையாக இருக்கிறது.

இந்த ஓட்டையை அடைக்க வழி உண்டு. ஊழியர் சேமநிதிக்கு ஒருவர் தன் விருப்பத்தின் பேரில் சந்தா செலுத்தலாம். மாதம் 300 ரிங்கிட் கட்டினாலும் வெறும் கணக்கைவிட மேல். வீட்டு முன்பணத்துக்கென்று தனியாக ஒரு தொகையை ஒதுக்குவதும் அவசியம். கணவர் அக்கரையிலும் மனைவி இக்கரையிலும் வேலை செய்தால், மனைவியின் சேமநிதிக் கணக்கை வீட்டுக்கென்று காத்து வைப்பது புத்திசாலித்தனம். இருவரும் சேர்ந்து கடனுக்கு விண்ணப்பித்தால் வங்கிக்கும் நம்பிக்கை கூடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வங்கி முதலில் பார்ப்பது பேங்க் நெகாராவிடம் உள்ள கடன் பதிவை. மோட்டார் சைக்கிள் தவணை, கார் தவணை, கல்விக் கடன் பாக்கி எல்லாம் அதில் தெரியும். இருபத்தைந்து வயதில் வாங்கும் பெரிய கார், முப்பது வயதில் வாங்க வேண்டிய வீட்டைத் தள்ளிப் போட்டுவிடுகிறது. சம்பளச் சீட்டு இல்லாத சிறுதொழில் செய்வோருக்கு அரசின் வீட்டுக்கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. 5 லட்சம் ரிங்கிட்டுக்கு உட்பட்ட முதல் வீட்டுக்கு 2021 முதல் முத்திரை வரி விலக்கு தரப்பட்டு வருகிறது. இவை இருப்பதே தெரியாமல் பலர் முயற்சியைக் கைவிடுகிறார்கள்.

அடுக்குமாடி வாங்குவோர் பராமரிப்புக் கட்டணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பாதிப் பேர் கட்டணம் கட்டாத கட்டடத்தில் மின்தூக்கி நின்றுபோகும், குழாய் ஒழுகும், வீட்டின் மதிப்பும் இறங்கும். வாங்கும் முன் அந்தக் கட்டடத்தின் நிர்வாகம் எப்படி என்று அங்கே குடியிருப்பவர்களிடம் விசாரிப்பது நல்லது.

வரப்போகும் மாற்றம்

புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் விரைவு ரயில் 2026 இறுதிக்குள் ஓடத் தொடங்க வேண்டும் என்று திட்டமிடப்பட்டது. ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10 ஆயிரம் பேரை ஏற்றிச் செல்லும் திறன் கொண்டது அது. 2025 ஜனவரி 7ஆம் தேதி ஜொகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் ஐந்தாண்டில் 20 ஆயிரம் திறன்சார் வேலைகள் அதன் இலக்கு.

பயணம் எளிதானால் சிங்கப்பூரில் சம்பாதிப்போர் இக்கரையில் குடியிருக்க மேலும் விரும்புவார்கள். நிலைய வட்டாரத்தில் வாடகையும் விலையும் உயரும். சொந்த வீடு உள்ளவருக்கு அது லாபம். வாடகைக்கு இருப்பவர் இன்னும் தொலைவுக்குத் தள்ளப்படுவார். தோட்டம் கைமாறியபோது நடந்ததை நினைத்துப் பார்த்தால் இது புரியும். நிலத்தின் மதிப்பு ஏறும்போது பங்கு கிடைப்பது பெயரில் பத்திரம் உள்ளவருக்கு மட்டுமே.

புதிய வேலைகளும் திறன் கேட்கும் வேலைகள். கூலாய் செடனாக்கில் எழும்பும் தரவு மையங்களுக்கு ஆள்பலம் அதிகம் தேவைப்படாது. மின்சாரம், குளிரூட்டல், கணினிக் கட்டமைப்பு தெரிந்தவர்களே அங்கு தேவை. எஸ்.பி.எம். முடித்த கையோடு பெர்மிட்டுக்கு ஓடும் பிள்ளையைப் பெற்றோர் ஓராண்டு, இரண்டாண்டு நிறுத்திப் பிடிக்கலாம். பாசிர் கூடாங்கிலேயே தொழிற்பயிற்சிக் கழகமும் பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. கையில் சான்றிதழுடன் பாலத்தைக் கடப்பவருக்கு அங்கும் சம்பளம் கூடுதல், எல்லை மூடினாலும் இங்கு வேலை கிடைக்கும்.

நம் ஆலயங்களும் இயக்கங்களும் ஆண்டுதோறும் திருவிழாக்களைச் சிறப்பாக நடத்துகின்றன. அதே மண்டபத்தில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது வீட்டுக்கடன், சேமநிதி விளக்கக் கூட்டம் நடத்தலாம். கட்டுப்படியான விலை வீடுகளுக்கு மாநில அரசிடம் விண்ணப்பிக்க ஒரு முகப்பு வைத்து, பாரம் நிரப்ப உதவலாம். இளைஞர்கள் இந்த வாரமே தங்கள் சேமநிதிக் கணக்கையும் கடன் பதிவையும் எடுத்துப் பார்த்து, வீட்டு முன்பணத்துக்கு இன்னும் எவ்வளவு வேண்டும் என்று கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து எழுதிப் பார்க்கட்டும்.