மாமாவுக்கு வந்தது வாய்வு இல்லை

நான் பத்தாவது வரைதான் படிச்சவ. தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

மூணு வருசத்துக்கு முன்னால, பருத்திக் காட்டில் இருந்து வந்த எங்க மாமனார் வலது விலாவுக்குக் கீழே பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார். வாய்வுன்னு நினைச்சு ஓமத்தண்ணி கொடுத்தேன். சோடாவும் வாங்கிக் கொடுத்தோம். ராத்திரி பத்து மணிக்கு வயிறு உப்பிப் போச்சு. உடம்பு பூரா சில்லுன்னு வேர்வை. எந்திரிச்சவர் அப்படியே சாய்ஞ்சுட்டார். அப்புறம்தான் 108-க்கு போன் பண்ணினோம். அந்த நாலு மணி நேரத்தை நினைச்சா இன்னைக்கும் எனக்கு மனசு ஆறல.

சங்கரன்கோவில் போய், அங்கிருந்து மதுரை. கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி இருந்து, அது வெடிச்சு வயித்துக்குள்ள ரத்தம் கொட்டியிருக்கு. "குடிப்பாரா?"ன்னு கேட்டாங்க. மாமா பீடி கூடத் தொட்டதில்ல.

ரத்தம் ஏத்தினாங்க. வயித்தைக் கிழிப்பாங்கன்னு பயந்தோம், கிழிக்கல. தொடை ரத்தக்குழாய் வழியா மெல்லிசான டியூபை விட்டு, கட்டிக்கு ரத்தம் போற கிளையை அடைச்சாங்க. அடைச்சா கல்லீரல் என்னாகும்னு கேட்டேன். டாக்டரம்மா விளக்கினாங்க: கல்லீரலுக்கு முக்கால்வாசி ரத்தம் குடல்ல இருந்து வர்ற சிரை வழியா வருது, கால்வாசிதான் தமனி வழியா. கட்டி குடிக்கிறது பெரும்பாலும் தமனி ரத்தம். அந்த மடையை அடைச்சா கட்டிதான் காயும். கல்லீரல் ரொம்பக் கெட்டிருந்தா இதையும் செய்ய முடியாதாம். நல்லா இருக்கிறவங்களுக்குச் சில வாரம் கழிச்சு கட்டியை வெட்டியே எடுக்கிறாங்க. மாமாவுக்குக் கல்லீரல் சுருங்கியிருந்தது, முடியல. பதினொரு மாசம் இருந்தார். பேத்தி காதுகுத்தைப் பார்த்துட்டுத்தான் போனார்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது. போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் நம்ம குழு அவசரக் கடன் 15,000 ரூபாய். ராத்திரியிலேயே பணத்தைக் கொண்டுவந்த மதினி முன்வரிசையில்தான் இருக்காங்க.

காரணம் மஞ்சள் காமாலை பி வைரஸ். வருசக்கணக்கா சத்தமில்லாம உள்ளே இருந்திருக்கு. வீட்டில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாங்க. என் வீட்டுக்காரருக்கும் இருக்கு. இதைச் சொல்லவா வேண்டாமான்னு ஒரு வாரம் யோசிச்சேன், அவரே சொல்லச் சொன்னார். ஒண்ணா சாப்பிட்டா இது ஒட்டாது. ரத்தம், ஊசி, சவர பிளேடு, தாம்பத்தியம், பிரசவத்தில் தாய்கிட்ட இருந்து பிள்ளைக்கு, இப்படித்தான் பரவும். பிள்ளைங்க பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளே போட்ட ஊசி அவங்களைக் காப்பாத்தியிருக்கு. எனக்கும் மூணு ஊசி போட்டாச்சு.

கீழாநெல்லி கொடுன்னு நிறையப் பேர் சொன்னாங்க. 1988-ல் சென்னையில் ஆராய்ச்சி பண்ணி, கீழாநெல்லிக்கு நல்ல பலன்னு வெளிநாட்டுப் பத்திரிகையிலேயே வந்ததாம். பிறகு வேற இடங்கள்ல செஞ்சப்ப அந்தப் பலன் கிடைக்கலன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதனால மாத்திரையை நிறுத்தல. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வயித்து ஸ்கேன்.

வர்ற வெள்ளிக்கிழமை அவருக்கு ஸ்கேன். கூட்டத்துக்கு வர முடியாது, சேமிப்புப் பணத்தை மதினிகிட்ட கொடுத்து விடுறேன்.