டீக்கடையில் கேட்காத கேள்வி



நம்ம குமாரலிங்கபுரத்திலிருந்து சென்னைக்குப் போகிற பிள்ளைகள் முதல் வாரம் போனில் சொல்வது இதைத்தான்: "இங்க யாரும் எதுவும் கேக்குறதில்ல." உண்மைதான். பேருந்தில் பக்கத்து சீட்காரர் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. டீக்கடையில் எல்லாருக்கும் ஒரே கிளாஸ். இந்த விடுதலையை நான் குறைத்துப் பேசமாட்டேன். 1948இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைக் கொண்டாடியவர்களை அம்பேத்கர் ஏன் அவ்வளவு கடுமையாக மறுத்தார் என்பது, புத்தகத்தைவிட மாநகரப் பேருந்தில்தான் எனக்கு நன்றாகப் புரிந்தது.

ஆனால் ராத்திரி படுக்க ஒரு இடம் வேண்டுமே. ஆய்வுக்காக வீடு தேடியபோதுதான் கேள்விகள் ஆரம்பித்தன. விருதுநகர் பக்கமா? ஊரில் எந்தத் தெரு? குலசாமி எது? கறி சமைப்பீங்களா? சாதி என்ற சொல் மட்டும் வராது. மறுநாள் போன் வரும்: "வீடு போயிருச்சு தம்பி." டு-லெட் பலகை அடுத்த மாதமும் அங்கேயே தொங்கும்.

1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கருக்கும் இதுதான் நடந்தது. நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்தவர். தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில், பதிவேட்டில் பார்சிப் பெயர் எழுதித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கும்பல் வந்து காலி செய்யச் சொன்னது. அந்த நகரில் யாரும் இடம் தரவில்லை. பொதுப்பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலேறி பம்பாய் போனார்.

இன்றைக்குத் தடி இல்லை, குரல் மரியாதையாக இருக்கிறது. சட்டம்? அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லித் திறந்துவிடுகிறது. வாடகை வீடு அதில் இல்லை. உறுப்பினராகப் பார்சிகளை மட்டும் சேர்க்கும் அகமதாபாத் வீட்டுவசதிச் சங்கத்தின் விதி செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அந்தத் தர்க்கம் பார்சிகளோடு நிற்குமா? எந்தச் சாதியும் தன் தெருவுக்குக் கேட் போட்டுக்கொள்ளலாமே. நம் மாநிலத்தின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தம், பதிவு, முன்பணம் எல்லாம் பேசுகிறது. சாதி பார்த்து வீடு மறுப்பதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கையில் எடுக்கலாம்தான், ஆனால் காரணத்தையே வாய்விட்டுச் சொல்லாதவர் மேல் எதை வைத்து நிரூபிப்பது?

இதை ஏன் சென்னையில் பேசாமல் இங்கே பேசுகிறேன்? 2023இல் அறிவித்த பிஎம் மித்ரா ஜவுளிப் பூங்காவுக்கு ஒதுக்கியது இந்த மண்ணில்தான், ஆயிரம் ஏக்கருக்கு மேல். ஆலைகள் ஓட ஆரம்பித்தால் வெளியூர்த் தொழிலாளர்கள் வருவார்கள், வாடகைக்கு வீடு கேட்பார்கள். சென்னையில் நம்மைக் கேட்ட அதே கேள்விகளை இங்கே நம் தெருக்காரர்கள் அவர்களிடம் கேட்பார்கள். தங்குமிடத்தை நிர்வாகமே கட்டித் தரவேண்டும், சாதி கேட்டு வீடு மறுப்பதைக் குற்றமாக்கி 2017 சட்டத்தைத் திருத்தவேண்டும். இந்த இரண்டையும் வரும் அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாக வைப்போம். மனு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், கூட்டம் முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.