வன்முறை நிகழுமுன்



நூற்றாண்டு விழாவில் இனிய நினைவுகளைப் பேசுவதே வழக்கம். அதை மற்றவர்கள் எம்மைவிட நன்றாகச் செய்வார்கள். வைத்தியத் துறையில் இருக்கும் நாம் சற்றுக் கசப்பான விடயம் ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். ஒருவரைக் குறிவைத்து நடத்தப்படும் வன்முறையை, நடக்கும் முன்பே தடுக்க முடியுமா?

2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலைக்குப் புறப்பட்ட உயர்தர மாணவி ஒருத்தி கடத்தப்பட்டு, வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். கடைகள் பூட்டப்பட்டன, பிள்ளைகள் சீருடையோடு வீதிக்கு வந்தார்கள். 2017 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட மன்று ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. எந்தத் தீர்ப்பும் நடந்த பின்னர்தான் வருகிறது. எமது கேள்வி அதற்கு முந்திய நாட்களைப் பற்றியது.

அமெரிக்காவில் 1974 முதல் 2000 வரை பாடசாலைகளில் நடந்த 37 தாக்குதல்களை அந்நாட்டு இரகசிய சேவையும் கல்வித் திணைக்களமும் ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டன. 'இப்படிப்பட்டவன்தான் தாக்குவான்' என்று அடையாளம் காட்ட ஒரு பொது வார்ப்பு கிடைக்கவில்லை. தாக்குதல்களில் பெரும்பாலானவை திடீர்க் கோபத்தில் நடந்தவையும் அல்ல. நூற்றுக்கு 81 சம்பவங்களில் இன்னொருவருக்காவது முன்கூட்டியே விடயம் தெரிந்திருந்தது. அவர் பெரும்பாலும் நண்பர், வகுப்புத் தோழர், அல்லது சகோதரர். பெரியவர்களின் காதுக்கு அது அரிதாகவே எட்டியது. சொன்னவர்கள் ஏன் சொன்னார்கள், சொல்லாதவர்கள் ஏன் சொல்லவில்லை என்று 2008இல் மீண்டும் தேடினார்கள். சொன்னால் ஒழுங்காகக் கேட்பார் என்று நம்பக்கூடிய ஒரு பெரியவர் பாடசாலையில் இருந்தாரா என்பதே பெரிய வித்தியாசமாக இருந்தது.

எங்கள் ஊரில் பாடசாலைத் துப்பாக்கிச் சூடு இல்லை. அந்த ஆய்வை அப்படியே இங்கு பொருத்த முடியாது. ஆனால் ஒழுங்கை முடக்கில் நிற்பவன் யார், யாருடைய படத்தை வைத்து மிரட்டுகிறான், எந்தப் பெடியன் வாளோடு படம் எடுத்துப் போட்டிருக்கிறான் என்பது வகுப்பில் நாலு பேருக்குத் தெரிந்தே இருக்கும். எங்கள் காலத்திலும் ரியூசன் வழியில் பின்தொடர்ந்தவர்களைப் பற்றி எமக்குள் பேசினோம், வீட்டில் பேசவில்லை. சொன்னால் முதற்கேள்வி "நீ ஏன் அவனோடு கதைத்தாய்?" என்றுதான் வரும். அடுத்து ரியூசன் நிற்கும். இப்போதென்றால் போனும் பறிபோகும். சொன்னவளுக்கே தண்டனை என்றால் யார் சொல்வார்கள்?

வைத்தியசாலைக்கும் பங்கு உண்டு. வாள்வெட்டுக் காயத்தோடு வந்து "சைக்கிளால் விழுந்தனான்" என்பவர்களை நாம் அறிவோம். வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் ஜொனதன் ஷெப்பர்ட் என்ற முக அறுவைச் சிகிச்சை நிபுணர், தன்னிடம் வரும் காயங்களில் பல பொலிஸ் பதிவில் இல்லாததைக் கவனித்தார். எங்கே, எப்போது, எந்த ஆயுதத்தால் என்பதை மட்டும், காயப்பட்டவரின் பெயர் இல்லாமல், நகரசபைக்கும் பொலிஸாருக்கும் கொடுக்கும் முறை அவரால் உருவானது. வன்முறைக் காயத்துக்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவோர் தொகை, ஒத்த நகரங்களோடு ஒப்பிட 42 வீதம் குறைந்ததாக 2011இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வு காட்டியது. இதற்கு விலைகூடிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம். பெயர் வெளியே போகாது என்ற உறுதி வேண்டும். போரைக் கண்ட எமது மண்ணில் அந்த உறுதியைப் பெறுவதுதான் கடினம்.

சங்கத்திடம் நாம் கேட்பது பெரிதல்ல. நுழைவாயில் வளைவுக்குச் சேர்க்கும் நிதியில் ஒரு பகுதியை ஆலோசனை ஆசிரியைக்கு ஓர் அறை அமைக்க ஒதுக்குங்கள். முறைப்பாடு சொன்ன பிள்ளையைக் கண்டிப்பதில்லை என்று ஆசிரியர்களும் பெற்றோரும் கூடி முடிவெடுக்க வேண்டும். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை ஒவ்வொரு வகுப்பிலும் எழுதி ஒட்டலாம். அறையின் கதவு மட்டும் அதிபர் அலுவலகத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டாம். உள்ளே போகும் பிள்ளையை முழுப் பாடசாலையும் பார்க்கும்.