விசில் கேட்காத ஆட்டக்காரன்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



"கல்வியும் விளையாட்டும்" என்பது நமக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. தலைப்பு பெரிது, நேரமோ சிறிது. ஆகவே ஒரே ஒரு மாணவனைப் பற்றிப் பேச விழைகின்றோம். அவன் பெயரை மேடையில் கூறப் போவதில்லை. சேகோ ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகன். மேல்நிலை இரண்டாம் ஆண்டு பயில்கின்றான். மாலை வேளையில் நம் காலனித் திடலில் அவன் வலைக்கு மேலே எழும்பிப் பந்தை அடிப்பதைக் கண்டவர்கள் இங்கே பலர் இருக்கின்றீர்கள். கல்லூரி வாலிபால் அணியில் ஆட வேண்டும் என்பதே அவனுடைய ஆசை. அவனுக்குக் காது கேளாது. கருவி வைத்தால் ஓசை ஓரளவு கேட்கும், சொல் விளங்காது.

சென்ற ஆண்டு நடந்த அணித் தேர்வு ஒன்றில், அவனுடைய ஆட்டத்தில் எக்குறையும் காணாத தேர்வாளர் ஒருவர், "விசில் கேட்காதவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று கூறி அவனை விலக்கிவிட்டார். அக்கேள்வியை நாம் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. அதற்கு விடை உண்டா என்று பார்ப்போம்.

வாலிபால் களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். பக்கத்திற்கு 6 பேர். நடுவர் விசில் ஊதுகின்றார் என்பது உண்மை. ஆனால் ஊதியதோடு அவர் நிற்பதில்லை. சர்வீஸ் போட அனுமதிப்பதாயினும், பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று அறிவிப்பதாயினும், வலையைத் தொட்ட குற்றமாயினும், ஒவ்வொன்றிற்கும் கைச்சைகை உண்டு. விசில் ஒலித்த 8 விநாடிக்குள் சர்வீஸ் போட்டாக வேண்டும். நடுவரின் கையையே பார்த்து நிற்பவனுக்கு அதில் இடர்ப்பாடு இல்லை. அதுமட்டுமன்று. வலையோரம் நிற்பவன் முதுகுக்குப் பின்னால் விரல் காட்டி, தான் பிளாக் செய்யப்போகும் பக்கத்தைப் பின்வரிசைக்கு உணர்த்துவதை ஆடும் இளைஞர்கள் அறிவீர்கள். எதிரணி கேட்கவும் கூடாது, காணவும் கூடாது என்பதற்காகக் காதுள்ளவர்களே வகுத்துக்கொண்ட மொழி அது!

உண்மையான இடர்ப்பாடு வேறோர் இடத்தில் உள்ளது. இருவருக்கு நடுவே வந்து விழும் பந்து. "விடு, எனக்கு" என்று ஒருவன் கூவுகின்றான். கேளாதவன் விலகுவதில்லை, இருவரும் மோதிக்கொள்கின்றனர். இதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. அமெரிக்க வீரர் டேவிட் ஸ்மித்தின் வரலாறு இங்கே நமக்குப் பயன்படும். பிறவியிலேயே செவித்திறனின் பெரும்பகுதியை இழந்தவர் அவர். குழந்தைப் பருவம் முதல் காதில் கருவி அணிந்தவர். இர்வைன் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணியில் ஆடி, 2007-இல் அந்நாட்டுக் கல்லூரிச் சாம்பியன் பட்டம் வென்ற குழுவில் இடம்பெற்றார். 2012 முதல் 4 ஒலிம்பிக் போட்டிகளில் ஆடி, 2016-இலும் 2024-இலும் வெண்கலம் பெற்றார். அவர் பந்தை நோக்கிப் புறப்பட்டால் மற்றவர் விலகிக்கொள்வது அவருடைய அணியினர் கைக்கொண்ட ஏற்பாடு. எவ்வளவு எளியது, பாருங்கள். குறை ஒருவனுடைய காதில் இருப்பினும் பயிற்சி ஆறு பேருக்கும் வேண்டும்.

அமெரிக்கா தொலைவில் உள்ளது என்பீர்கள். மதுரை அருகில்தான் உள்ளது. அங்கே மாநகராட்சிப் பள்ளியில் பயின்ற ஜெர்லின் அனிகா, செவித்திறன் குறைந்தோர்க்கென 1924 முதல் நடந்துவரும் உலகப் போட்டியில், 2022-ஆம் ஆண்டு பிரேசில் நாட்டில் இறகுப்பந்தாட்டத்தில் 3 தங்கம் வென்றார். அப்போட்டியில் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் களம் இறங்க வேண்டும். வாலிபாலும் அதில் ஓர் ஆட்டம். கன்னியாகுமரி மாவட்டத்துச் சமீகா பர்வீனோ நீளம் தாண்டுதலில் தகுதி பெற்றும் 2021-இல் போலந்து செல்லும் அணியில் சேர்க்கப்படவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தை நாடி, ஆணை பெற்றுச் சென்றார். திறமையோடு வழக்கும் தேவைப்பட்டது!

நம் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பனுக்குக் குறை காதிலன்று, காலில். வாலிபாலில் நாட்டம் கொண்டிருந்த அவரை உயரம் தாண்டுதலுக்குத் திருப்பியவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றார்.

இனி வீட்டிற்கு வருவோம். நம் மாணவனுக்குச் சிறுவயதில் காதில் சீழ் வடிந்தது. காய்ச்சிய எண்ணெய் விட்டார்கள். கொண்டை ஊசியால் குடைந்தார்கள். மருத்துவரிடம் காட்டியபோது காலம் கடந்திருந்தது. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் மணம் முடிப்பதும் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு ஒரு காரணம் என்பர் மருத்துவர். மேடையில் இதைக் கூறினால் சிலர் முகம் சுளிப்பர், சுளிக்கட்டும். 6 வயதிற்குள் கண்டறிந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உள்செவிக் கருவி பொருத்த வழியுண்டு. அவ்வயதில் அழைத்தால் திரும்பாத பிள்ளையை நம் தெருக்களில் மந்தம் என்கின்றனர். வளர்ந்தபின் "ஏ செவிடா" என்று கூவுகின்றனர். பெயர் இருக்கப் பெயர் சொல்லி அழைக்கப்படாத வேதனையை நம் பாட்டன்மார் அறிவர்.

கல்லூரிக்கு வழி அடைபட்டிருக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிலையங்களில் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை ஒதுக்குகின்றது. குறைபாடு 40 விழுக்காட்டிற்குக் குறையாதிருத்தல் வேண்டும். அரசுக் கலைக் கல்லூரிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் பொதுக் கலந்தாய்வுக்கு முன்னரே சிறப்புக் கலந்தாய்வு நடைபெறுகின்றது. சேலம், நாமக்கல், இராசிபுரம் ஆகிய ஊர்களில் அரசுக் கலைக் கல்லூரிகள் உள்ளன. அவன் தந்தையோ, தேர்வு முடிந்ததும் லாரிப் பட்டறையில் சேர்த்துவிடும் எண்ணத்தில் இருக்கின்றார். அவரைக் குறை கூற நமக்கு நா எழவில்லை. வீட்டில் இன்னும் இரு பெண் பிள்ளைகள்.

ஆகவே, சான்றிதழுக்காகச் செவித்திறன் சோதிக்க அரசு மருத்துவமனைக்கு அவனோடு செல்ல ஓர் இளைஞர் முன்வர வேண்டும். தந்தை சென்றால் அன்றைய கூலி போய்விடும். கருவியின் பாட்டரிச் செலவைச் சங்கம் ஏற்குமா என்று பொருளாளர் அவர்களைக் கேட்டிருக்கின்றோம். இன்னும் விடை வரவில்லை. தந்தையைக் காண வரும் ஞாயிறன்று நாம் செல்கின்றோம்; பெரியோர் இருவர் உடன் வந்தால் நலம். அவனோடு ஆடும் ஐவரும் நாளை மாலை ஐந்தரை மணிக்குத் திடலுக்கு வாருங்கள், சைகைகளை முடிவு செய்துகொள்வோம்.