வாத்துக்குப் பின்னால் நடக்கும் பிள்ளை

புதுச்சேரியில் பூரணாங்குப்பம் தாண்டி பாகூர் பக்கம் போனால், அறுத்த வயலில் வாத்துக்கூட்டம் மேயும். பின்னால் கோலோடு ஒரு சிறுபிள்ளை நடந்தால், வாத்தை விடுங்கள், பிள்ளையைப் பாருங்கள். புதுச்சேரி, விழுப்புரம் வட்டாரத்தில் சொற்ப முன்பணத்துக்கு வாத்து மேய்க்க அனுப்பப்பட்ட இருளர் பழங்குடிக் குழந்தைகளை அதிகாரிகள் மீட்டிருக்கிறார்கள். பிழைக்க ஊர்விட்டுப் போகும் குடும்பங்கள் செங்கல் சூளையிலும் கொத்தடிமை ஆவதுண்டு. ஆனால் அங்கே குழந்தை பெரும்பாலும் தாயின் கண்ணெதிரில் இருக்கும். வாத்துக்கூட்டமோ வயல் வயலாக, ஊர் ஊராக நகரும். பிள்ளை எங்கே என்று பெற்றவர்களுக்கே தெரியாது. தெரியாத அந்த இடைவெளிதான் கடத்துகிறவனுக்கு வசதி.

“பெற்றவர்களே அனுப்பினார்கள், சோறாவது கிடைக்குமே” என்பார்கள். முன்பணம் கைமாறிவிட்டால் அதற்குப் பெயர் அடகு. 1976-லேயே கொத்தடிமை முறையைச் சட்டம் ஒழித்தது. அந்தக் கடனும் செல்லாது. “விடுதிப் பிள்ளையும் பிரிந்துதானே இருக்கிறது?” என்றும் கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் விடுதிக்கு முகவரி உண்டு, வருகைப் பதிவேடு உண்டு, ஞாயிற்றுக்கிழமை அம்மா போய்ப் பார்க்கலாம். வாத்துக்கூட்டத்துக்கு ஏது முகவரி? அப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். ஒன்று, பூஜ்யம், ஒன்பது, எட்டு. இலவச அழைப்புதான்.